முதலாளியின் வேதமும் ஊழியரின் மாத்திரையும்

“ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு தருகிறேன், செலவில் பெரும்பங்கை நானே ஏற்கிறேன் என்று மத்திய அரசு முன்வந்தபோது அமெரிக்க மாநிலங்கள் சில ஏன் மறுத்தன? அந்தச் சண்டைக்குள் மதம் எப்படி வந்தது? கடை முதலாளிக்கும் அவரிடம் வேலை பார்க்கும் பெண்ணின் கருத்தடை மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐம்பது மாநிலங்களையும் சேர்த்துப் பேசினால் எதுவும் பிடிபடாது. ஆகவே ஓக்லஹோமாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை வாக்குச்சீட்டிலும் நீதிமன்றத்திலும் கருவூலத்திலும் எதிர்த்த மாநிலம் அது. மத நம்பிக்கையின் பேரில் அந்தச் சட்டத்துக்கு எதிராக நடந்த மிகப் பெரிய வழக்கைத் தொடுத்த நிறுவனத்தின் தலைமையகமும் அம்மாநிலத் தலைநகரான ஓக்லஹோமா சிட்டியில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே ஊரில் சந்திக்கின்றன.

முதலில் அங்கே காப்பீடு எந்த வழியாக மனிதரிடம் வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றதற்குப் போனால் எல்லாம் விசித்திரமாகத்தான் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், விலைவாசியைக் கட்டுக்குள் வைக்க அமெரிக்க அரசு ஊதிய உயர்வுக்குத் தடை போட்டது. ஆள் கிடைக்காமல் தவித்த ஆலைகள், சம்பளத்தைக் கூட்ட வழியில்லாததால், மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆட்களைச் சேர்த்தன. முதலாளி செலுத்தும் காப்பீட்டுத் தொகைக்கு ஊழியர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பதை 1954-ஆம் ஆண்டு வரிச் சட்டம் உறுதிப்படுத்தியது. போர்க்காலத்துக்குக் கண்டுபிடித்த வழி அப்படியே நிலைத்துவிட்டது. இன்றும் வேலை செய்யும் வயதிலுள்ள அமெரிக்கர்களில் பெரும்பாலானோருக்குக் காப்பீடு வருவது முதலாளி வழியாகத்தான். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டம் 1965-இல் வந்தது. அதற்கான பணத்தை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும், நடத்துவது மாநிலம். சேர்வதும் சேராததும் மாநிலத்தின் விருப்பம். அரிசோனா 1982 வரை சேரவே இல்லை.

ஒபாமாவின் சட்டம் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டவில்லை. இருந்த இரண்டு வாய்க்கால்களையே அகலப்படுத்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனம் காப்பீடு தர வேண்டும், இல்லையேல் தண்டத்தொகை கட்ட வேண்டும். வறுமைக் கோட்டில் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள எல்லோரையும் மாநிலம் மெடிக்கெய்டில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் இணையச் சந்தையில், மத்திய அரசு தரும் மானியத்தோடு, காப்பீடு வாங்கிக்கொள்ளலாம். ஆக, மதகுகள் இரண்டு. ஒன்று முதலாளியின் கையில், மற்றது மாநில அரசின் கையில். ஓக்லஹோமாவில் இரண்டையும் அடைக்க முயன்றார்கள் என்பதே என் பதிலின் சாரம்.

மாநிலத்தின் மனநிலையைச் சொல்ல ஒரு தகவல் போதும். 2008 தேர்தலில் ஓக்லஹோமாவின் 77 மாவட்டங்களில் ஒன்றில்கூட ஒபாமா வெல்லவில்லை; 2012-இலும் அப்படியே. சட்டம் வந்து எட்டாவது மாதம், 2010 நவம்பர் 2 அன்று, மாநில அரசியலமைப்பைத் திருத்தும் ஒரு கேள்வி மக்கள் முன் வைக்கப்பட்டது. எந்த மருத்துவக் காப்பீட்டு ஏற்பாட்டிலும் சேரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம். ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மத்தியச் சட்டமும் மாநில அரசியலமைப்பும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும் என்பதால் அந்தத் திருத்தத்துக்கு நடைமுறையில் பலமில்லை. ஆனால் மக்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை அது சொல்லிவிட்டது.

அன்றைய வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதைக் குறிப்பிடாமல் மதத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. மாநில நீதிமன்றங்கள் இஸ்லாமிய ஷரியத் சட்டத்தைக் கருத்தில் கொள்ளக் கூடாது என்ற திருத்தம் அது. ஓக்லஹோமாவின் நீதிமன்றங்களில் அப்படி ஒரு சிக்கல் எழுந்ததே இல்லை. ஆனாலும் 70 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். குறிப்பிட்ட ஒரு மதத்தைத் தனித்து ஒதுக்குகிறது என்று கூறி மத்திய நீதிமன்றங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. சில ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்திலிருந்து மதச் சுதந்திரத்தின் பேரில் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போகிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

அதே நாளில் மேரி ஃபாலின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சர் போல, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். இணையக் காப்பீட்டுச் சந்தையை முன்னோடியாக அமைக்க மத்திய அரசு 5 கோடியே 40 லட்சம் டாலருக்கும் மேல் ஒதுக்கியிருந்தது. 2011 பிப்ரவரியில் அவர் அதை ஏற்றுக்கொண்டார். சொந்தக் குடியரசுக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரலில் திருப்பி அனுப்பிவிட்டார். மாநிலத்தின் சட்டப் போரை நடத்தியவர் ஸ்காட் ப்ரூயிட். அவருக்கு முன் மாநில அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக) இருந்த ட்ரூ எட்மண்ட்சன் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட மறுத்தவர். 2011 ஜனவரியில் பதவியேற்ற ப்ரூயிட் அந்த மாதமே வழக்குப் போட்டார். ஃபுளோரிடாவின் தலைமையில் வேறு 25 மாநிலங்கள் சேர்ந்து நடத்திய வழக்கில் கலந்துகொள்ளாமல், தம் மாநிலத் திருத்தத்தை அடிப்படையாக வைத்துத் தனி வழக்காகவே நடத்தினார்.

2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் கட்டாயக் காப்பீட்டை (காப்பீடு வாங்காத தனிநபரும் தண்டத்தொகை கட்ட வேண்டும் என்ற விதியை) வரி என்ற கணக்கில் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் காப்பாற்றியது. எல்லோரும் பேசியது அதைத்தான். ஏழைகளின் வாழ்க்கையை மாற்றியதோ தீர்ப்பின் மற்றொரு பகுதி. மெடிக்கெய்டை விரிவாக்காத மாநிலத்துக்கு ஏற்கெனவே தந்துவரும் மெடிக்கெய்ட் பணத்தையும் நிறுத்துவோம் என்பது மிரட்டல். அப்படிச் செய்ய மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். கட்டாயம் விருப்பமாயிற்று. நவம்பர் மாதம் ஃபாலின் அறிவித்தார்: ஓக்லஹோமா சந்தையும் அமைக்காது, மெடிக்கெய்டையும் விரிவாக்காது.

அதன் விளைவை ஒரு கற்பனை உதாரணத்தால் சொல்கிறேன். 2014-இல் தனிநபருக்கான வறுமைக் கோடு ஆண்டுக்கு 11,670 டாலர். உணவகத்தில் பகுதிநேரமாகப் பாத்திரம் கழுவி ஆண்டுக்கு 9,000 டாலர் ஈட்டும் 40 வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார்; குழந்தையில்லை. அவருடைய தோழி அதே வேலையைக் கூடுதல் நேரம் செய்து 13,000 டாலர் ஈட்டுகிறார். தோழிக்கு மத்திய அரசின் மானியத்தில் மிகக் குறைந்த மாதக் கட்டணத்துக்குக் காப்பீடு கிடைக்கும். 9,000 டாலர் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தால் ஒன்றுமே கிடைக்காது. ஏனென்றால் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை மாநிலம் எப்படியும் மெடிக்கெய்டில் சேர்த்துவிடும் என்று நம்பி, அவர்களுக்கு மானியமே எழுதாமல் விட்டது சட்டம். ஓக்லஹோமாவின் பழைய மெடிக்கெய்டில் உடல் குறைபாடோ முதுமையோ கர்ப்பமோ இல்லாத, குழந்தையற்ற பெரியவர்களுக்கு இடமில்லை. குழந்தை உள்ள பெற்றோர்களும் வறுமைக் கோட்டில் பாதிக்கும் குறைவாக ஈட்டினால்தான் சேர முடியும். அதிக ஏழையாக இருந்ததாலேயே ஒன்றும் கிடைக்காமல் போனவர்கள் இவர்கள். இந்தப் பள்ளத்தை எந்த அரசியல்வாதியும் திட்டமிட்டுத் தோண்டவில்லை என்பது உண்மை. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் மூடாமல் விட்டார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுத்தவர்களின் தரப்பில் பொருளில்லை என்று நான் சொல்ல வரவில்லை. விரிவாக்கச் செலவை முதல் மூன்று ஆண்டுகள் மத்திய அரசே முழுமையாக ஏற்கும், பிறகு படிப்படியாகக் குறைந்து 2020 முதல் 90 விழுக்காடு என்றாகும். மீதி 10 விழுக்காட்டை மாநிலம் போட வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது சிறிய தொகை. ஆனால் 1992-இல் ஓக்லஹோமா மக்கள் ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தார்கள்: எந்த வரியை உயர்த்தவும் இரு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், இல்லாவிட்டால் நேரடியாக மக்களிடமே போக வேண்டும். எண்ணெய் விலை சரிந்தால் மாநிலக் கருவூலம் வற்றும். வரியைக் கூட்டவும் முடியாது. 2018 ஏப்ரலில் ஆசிரியர்கள் பள்ளிகளை விட்டு வெளியேறிப் போராடும் அளவுக்கு அந்த வறட்சி முற்றியது. மத்திய அரசு இன்று 90 தருகிறது, நாளை குறைத்தால் எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. இவர்களிடம் சொந்தத் திட்டமும் ஒன்று இருந்தது. புகையிலை வரியை உயர்த்த 2004-இல் மக்கள் ஒப்புதல் தந்து, அதன் வருவாயில் சிறு நிறுவன ஊழியர்களின் காப்பீட்டுக் கட்டணத்தில் உதவும் ‘இன்ஷூர் ஓக்லஹோமா’ 2005-இல் தொடங்கியது. எங்கள் வழியை நாங்களே கண்டுபிடித்தோம் என்று அவர்கள் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் அந்தத் திட்டம் எட்டியவர்கள் சில பத்தாயிரம் பேர், காப்பீடற்றவர்கள் லட்சக்கணக்கில்.

ப்ரூயிட் பிறகும் விடவில்லை. ‘மாநிலம் நிறுவிய சந்தை’யில் வாங்குவோருக்கு மானியம் என்று சட்டத்தில் ஓரிடத்தில் எழுதியிருந்தது. நாங்கள்தான் சந்தை நிறுவவில்லையே, அப்படியானால் எங்கள் மாநிலத்தவருக்கு மானியம் தருவது சட்டவிரோதம் என்று 2012 செப்டம்பரில் வாதிட்டார். நாட்டிலேயே இந்த வாதத்தை முதலில் நீதிமன்றத்தில் எழுப்பியது ஓக்லஹோமாதான். 2014 செப்டம்பர் 30 அன்று மஸ்கோகி நகர மத்திய நீதிபதி ரொனால்ட் வைட் அதை ஏற்றார். ஒரு மாநிலத்தின் சட்ட அதிகாரி தம் மாநில மக்களில் பல்லாயிரம் பேர் பெறும் உதவியை நிறுத்தச் சொல்லி வழக்காடி வென்ற நாள் அது. 2015 ஜூன் 25 அன்று இதே கேள்வி எழுந்த வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று மானியத்தைக் காப்பாற்றியதால் அந்த வெற்றி நடைமுறைக்கு வரவில்லை.

இனி முதலாளியின் மதகுக்கு வருகிறேன்.

ஹாபி லாபி என்பது கைவினைப் பொருட்களும் அலங்காரப் பொருட்களும் விற்கும் கடைத்தொடர். 1970-இல் 600 டாலர் கடன் வாங்கி வீட்டில் சிறு படச்சட்டங்கள் செய்து தொடங்கியவர் டேவிட் க்ரீன். ஒரு போதகரின் மகன். தொழிலை வேதத்தின்படி நடத்துவதே தம் கடமை என்று நம்பும் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் திறக்காது, அதனால் போகும் வியாபாரம் பெரிது என்று தெரிந்தும். வழக்கு நடந்தபோது ஊழியர்கள் சுமார் 13,000 பேர்.

ஒபாமாவின் சட்டப்படி, காப்பீடு தரும் நிறுவனம் தடுப்பு மருத்துவத்தையும் கட்டணமின்றித் தர வேண்டும். பெண்களுக்கான பட்டியலில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்த எல்லாக் கருத்தடை முறைகளும் 2011 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டன. மொத்தம் 20. க்ரீன் குடும்பம் இவற்றில் 16-ஐ எதிர்க்கவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. கருத்தடையே கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை. இவர்கள் அப்படி நினைக்கும் மரபினர் அல்லர். இரண்டு அவசரக் கருத்தடை மாத்திரைகள், கருப்பைக்குள் வைக்கும் இரண்டு வகைச் சாதனங்கள் (நம்மூரில் காப்பர்-டி என்று அறியப்படுவது அவற்றுள் ஒரு வகை) ஆகிய நான்கை மட்டுமே எதிர்த்தார்கள். கருவுற்ற முட்டை கருப்பையில் ஒட்டுவதை இவை தடுக்கக்கூடும். உயிர் கருவுற்ற கணத்திலேயே தொடங்குகிறது. எனவே இவற்றுக்குப் பணம் தருவது கருக்கலைப்புக்குத் துணைபோவது என்பது அவர்கள் வாதம். கர்ப்பம் என்பது கரு கருப்பையில் ஒட்டிய பிறகே தொடங்குகிறது என்பது மருத்துவத் துறை வகுத்த வரையறை. அவசர மாத்திரை முக்கியமாகச் சினைமுட்டை வெளிவருவதைத்தான் தள்ளிப்போடுகிறது. ஒட்டுவதைத் தடுக்கலாம் என்று அந்த மாத்திரைகளுள் ஒன்றான ‘பிளான் பி’யின் விவரத்தாளில் அப்போது அச்சிட்டிருந்த வரியை உணவு மற்றும் மருந்து நிர்வாகமே 2022 டிசம்பரில் நீக்கிவிட்டது. வழக்கு நடந்த காலத்தில் அந்த வரி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2012 செப்டம்பரில் வழக்குத் தொடர்ந்தார்கள். இந்த நான்கை மட்டும் நீக்கிவிட்டுக் காப்பீடு தந்தால் தண்டம் ஊழியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர்; மொத்தம் நாளுக்கு 13 லட்சம் டாலர், ஆண்டுக்கு 47 கோடியே 50 லட்சம். காப்பீட்டையே நிறுத்திவிட்டால் தண்டம் ஆண்டுக்கு 2 கோடியே 60 லட்சம் மட்டுமே. ஆனால் ஊழியர்களின் உடல்நலத்தைப் பேணுவதும் எங்கள் சமயக் கடமை என்றார்கள். அவர்கள் உள்ளத்தில் போலித்தனம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எதிர்த்தரப்பு அரசு வழக்கறிஞர்களும் அவர்களுடைய நம்பிக்கையின் உண்மையைக் கேள்வி கேட்கவில்லை.

அவர்கள் பற்றிக்கொண்ட சட்டம் 1993-இல் வந்த மதச் சுதந்திர மீட்புச் சட்டம். அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் இந்த வழக்கின் வலி இன்னும் நன்றாகப் புரியும். ஆரிகன் மாநிலத்தில் போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர்களாக இருந்த இருவர், பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையின் வழிபாட்டில் பெயோட்டி என்னும் கள்ளியைப் பிரசாதமாக உண்டதற்காக வேலையிழந்தார்கள். வேலையற்றோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து மத நம்பிக்கைக்காக விலக்குக் கேட்க முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடே கொதித்தது. இடதும் வலதும் சேர்ந்து, செனட்டில் 97-க்கு 3 என்ற ஆதரவோடு, புதிய சட்டம் செய்தார்கள். அரசு ஒருவருடைய மத நடைமுறைக்குப் பெரும் சுமை தருமானால் அதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். அந்த நோக்கத்தை எட்டும் வழிகளில் மிகக் குறைந்த சுமை தருவதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது சட்டம். அந்தப் பூர்வகுடித் திருச்சபை முறைப்படி பதிவானது எங்கே தெரியுமா? 1918-இல், ஓக்லஹோமாவின் எல் ரீனோ நகரில். ஓக்லஹோமா சிட்டியிலிருந்து காரில் அரை மணிநேரத் தொலைவு.

2014 ஜூன் 30 அன்று, 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் ஹாபி லாபி வென்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோவின் வாதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சிலர் கையில் மட்டும் பங்குகள் இருக்கும் நிறுவனத்தின் பின்னால் மனிதர்கள்தான் இருக்கிறார்கள், அவர்களுடைய நம்பிக்கைக்கும் காப்பு உண்டு என்றார். பெண்களுக்குக் கருத்தடை கிடைக்கச் செய்வது வலுவான நோக்கம்தான் என்று வைத்துக்கொண்டே, அதற்குக் குறைந்த சுமையுள்ள வழி இருக்கிறதே என்று கேட்டார். சமயத் தொண்டு நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தால் காப்பீட்டு நிறுவனமே அந்தச் செலவை ஏற்கும் ஏற்பாட்டை அரசே செய்திருந்தது. அதை இவர்களுக்கும் நீட்டியிருக்கலாமே என்பதுதான் தீர்ப்பின் அச்சாணி. அரசிடம் அதற்கு நல்ல பதில் இருக்கவில்லை.

மறுப்புத் தீர்ப்பு எழுதிய ரூத் பேடர் கின்ஸ்பர்க், கருப்பைச் சாதனம் பொருத்தும் செலவு குறைந்தபட்ச ஊதியம் பெறும் பெண்ணின் ஏறத்தாழ ஒரு மாத முழுநேரச் சம்பளத்துக்குச் சமம் என்று எடுத்துக்காட்டினார். இரத்தம் ஏற்றுவதை, தடுப்பூசியை, பன்றியிலிருந்து எடுக்கும் மருந்துப்பொருளை மறுக்கும் முதலாளிகள் நாளை வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்.

என் நிலையை இங்கே சொல்லிவிடுகிறேன். பெயோட்டி உண்டவர்களின் வழக்கில் நம்பிக்கை அவர்களுடையது, அதன் விளைவும் அவர்களுடையது. யாரும் அவர்களுடைய வழிபாட்டுக்காக விலை கொடுக்கவில்லை. ஹாபி லாபி வழக்கில் நம்பிக்கை க்ரீன் குடும்பத்தினுடையது. அதன் விளைவு வந்து விழுவது கடையில் நூல் கண்டுகளை அடுக்கும் பெண்ணின் மீது. அவளுடைய மதம் வேறாக இருக்கலாம். காப்பீடு என்பது முதலாளி தரும் பரிசும் அல்ல; அவள் உழைப்புக்கான ஊதியத்தின் ஒரு பகுதி. சம்பளப் பணத்தில் அவள் அதே மாத்திரையை வாங்கினால் முதலாளி தடுக்க முடியாது. காப்பீட்டு வழியாக வாங்கினால் முடியும் என்பதை நான் நியாயமாகக் கருதவில்லை. ஆனால் இந்தக் கோபத்தை முழுவதும் க்ரீன் குடும்பத்தின் மீது காட்டவும் எனக்கு மனமில்லை. 1942-இல் கட்டிய முடிச்சு இது. பெண்ணின் மருத்துவத்துக்கும் அவளுடைய முதலாளிக்கும் தொடர்பே இல்லாத ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அவருடைய மனசாட்சியை யாரும் கேட்டிருக்கவே வேண்டாம்.

தீர்ப்புக்குப் பிறகு, 2015 ஜூலையில், அலிட்டோ சுட்டிய அந்த மாற்று ஏற்பாட்டை இத்தகைய நிறுவனங்களுக்கும் அரசு நீட்டித்தது. ஆனால் 2017 அக்டோபரில் ட்ரம்ப் அரசு விலக்கை மேலும் அகலமாக்கியது: எதிர்ப்புள்ள முதலாளி மாற்று ஏற்பாட்டையும் விட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 8 அன்று 7-க்கு 2 என்று அதற்கு வழிவிட்டது. குறைந்த சுமையுள்ள வழி இருக்கிறது என்று சொல்லித்தான் 2014-இல் வென்றார்கள். பின்னர் அந்த வழியையே கட்டாயமில்லாததாக ஆக்கிவிட்டார்கள். 2014 தீர்ப்பை அரை மனதோடு ஏற்றுக்கொண்டவர்களுக்கும் இது கசந்தது.

மதம் முழுவதும் இச்சட்டத்துக்கு எதிராக நின்றது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கத்தோலிக்க ஆயர்கள் சட்டத்தை எதிர்த்தார்கள். கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத் தலைவியான கன்னியாஸ்திரி கேரல் கீஹன் ஆயர்களை மீறி ஆதரித்தார். கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்றை ஒபாமா அவருக்குக் கொடுத்தார். சட்டத்துக்குள்ளேயே சமய விலக்குகளும் இருந்தன. காப்பீட்டையே கடவுள் மீதான நம்பிக்கைக்கு எதிராகக் கருதும் ஆமிஷ் மக்களுக்குக் கட்டாயம் இல்லை. ஒருவர் மருத்துவச் செலவை மற்றவர்கள் பகிரும் கிறிஸ்தவப் பகிர்வு அமைப்புகளில், 1999-ஆம் ஆண்டு முடிவதற்குள் தொடங்கியவற்றின் உறுப்பினர்களுக்கும் இல்லை. ஓக்லஹோமாவின் பூர்வகுடி மக்களுக்கு இந்தச் சட்டம் வேறொரு நன்மையும் செய்தது: இந்தியர் நலவாழ்வு மேம்பாட்டுச் சட்டத்தை (‘இந்தியர்’ என்பது இங்கே அமெரிக்கப் பூர்வகுடியினரைக் குறிக்கும்) அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய நிலையிலிருந்து விடுவித்து நிரந்தரமாக்கியது. நாற்பதுக்குச் சற்றே குறைவான பூர்வகுடி அரசுகள் உள்ள மாநிலத்தில் அது சிறிய செய்தியன்று.

மாநிலத்தின் மதகு எப்படித் திறந்தது என்பதே எனக்கு மிகப் பிடித்த பகுதி. 2019-இல் காப்பீடற்றோர் விகிதத்தில் டெக்சாஸுக்கு அடுத்த இடம் ஓக்லஹோமாவுக்கு. நூற்றுக்கு 14 பேருக்கும் மேல். கிராமப்புற மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. காப்பீடு இல்லாத நோயாளி வந்தாலும் அவசரச் சிகிச்சையை மறுக்க முடியாது, செலவை வசூலிக்கவும் முடியாது. ஆகவே மருத்துவமனைகள் விரிவாக்கத்தை ஆதரித்தன. சட்டமன்றம் அசையாததால் மக்கள் கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கினார்கள். தேவைப்பட்டது சுமார் 1,78,000 கையெழுத்துகள். சேர்ந்தவை 3,13,000-க்கும் மேல். மாநில வரலாற்றில் அதுவரை காணாத எண்ணிக்கை. விரிவாக்கத்தைச் சாதாரணச் சட்டமாக எழுதாமல் அரசியலமைப்புத் திருத்தமாகவே எழுதியிருந்தார்கள், சட்டமன்றம் பின்னர் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. பத்து ஆண்டுகளுக்கு முன் காப்பீட்டுக் கட்டாயத்துக்கு எதிராகப் பயன்படுத்திய அதே கருவி!

ஆளுநர் கெவின் ஸ்டிட் எதிர்த்தார். வேலை செய்தால்தான் காப்பீடு என்ற நிபந்தனையும், மத்திய அரசிடமிருந்து வரம்பிட்ட தொகையும் கொண்ட தம் சொந்தத் திட்டத்தை முன்வைத்தார். பெருந்தொற்று நாட்களில், 2020 ஜூன் 30 அன்று, வாக்கெடுப்பு நடந்தது. ஹாபி லாபி தீர்ப்பு வந்து அன்றோடு சரியாக ஆறு ஆண்டுகள். 50.5 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். வித்தியாசம் சுமார் 6,500 வாக்குகள். ஓக்லஹோமா சிட்டியும் டல்சாவும் தூக்கிவிட்டன. மருத்துவமனைகளை இழந்துகொண்டிருந்த கிராமப்புற மாவட்டங்களில் பெரும்பாலானவை வேண்டாம் என்றே வாக்களித்தன. மத்திய அரசின் மீதுள்ள அவநம்பிக்கை அங்கே அவ்வளவு ஆழமானது. தங்கள் ஊர் மருத்துவமனையைக் காப்பாற்றும் கணக்கும் அதன் முன் எடுபடவில்லை.

2021 ஜூலை 1 முதல் விரிவாக்கம் நடைமுறைக்கு வந்தது. ஓக்லஹோமாவில் மெடிக்கெய்டின் பெயர் சூனர்கேர். 1889-இல் நிலம் பிடிக்கும் ஓட்டத்துக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே எல்லைக்குள் புகுந்தவர்களை ‘சூனர்’ என்பார்கள். அம்மாநிலத்தவருக்கே அது செல்லப்பெயராகிவிட்டது. சேரக்கூடியவர்கள் 2 லட்சம் பேர் இருக்கலாம் என்று முன்னர் கணித்திருந்தார்கள். 2022-இலேயே எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியது. நான் கற்பனையாகச் சொன்ன 9,000 டாலர் பெண்ணைப் போன்றவர்கள் அவர்கள்.

எதிர்ப்பு முடிந்துவிட்டதா என்றால், இல்லை, இடம் மாறியிருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய மத்தியச் சட்டப்படி, விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணிநேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும்; மாநிலங்கள் 2027 ஜனவரிக்குள் இதைத் தொடங்கியாக வேண்டும். ஸ்டிட் 2020-இல் கேட்ட நிபந்தனை இப்போது வாஷிங்டனிலிருந்தே வருகிறது, மாநில அரசியலமைப்பால் அதைத் தடுக்க முடியாது. பூர்வகுடியினருக்கும் 13 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும் விலக்கு உண்டு. குழந்தையில்லாமல் பகுதிநேரமாகப் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு விலக்கு இல்லை. அவருடைய உணவகம் எத்தனை மணிநேர வேலை தருகிறது, அதைத் தாளில் எழுதித் தருமா என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய காப்பீடு இனி நிற்கும்.